ஐயர் மாதம் ஒரு ஞாயிறுதான் வருகிறார் என்றால் சபை எப்படி நடக்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். சென்னையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று ஆராதனை நடக்கிற பெரிய சபையில் வளர்ந்தவர் நீங்கள். கல்யாணம் முடிந்து மனைவியின் ஊருக்கே வந்துவிட்டீர்கள். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம், 42 குடும்பம் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, வந்த வருடமே சபை மன்றத்தில் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள். ஐயர், அதாவது குருவானவர், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருகிறார், மீதி நாளெல்லாம் இங்கே ஊழியம் என்று என்ன நடக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும், ஐயர் வராத ஞாயிறு பிரசங்கம் பண்ணச் சொல்கிறார்களே, பண்ணலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அப்பா உபதேசியார், குருவுக்கு அடுத்தபடி ஊரிலேயே இருந்து சபையைக் கவனிக்கிற ஊழியர். கோவிலை ஒட்டிய உபதேசியார் வீட்டில்தான் பிறந்து வளர்ந்தேன். அப்புறம் டீச்சர் வேலை, அதோடு பெண்கள் ஐக்கிய சங்கம், சபை மன்றத்தில் பன்னிரண்டு வருடம் செயலாளர். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஐயர் ஏன் ஒரு ஞாயிறு மட்டும் வருகிறார் என்பது. நம் பக்கத்தில் சேகரம் என்றால் ஒரு ஊர்ச் சபை கிடையாது, ஆறேழு ஊர்ச் சபைகள் சேர்ந்ததுதான் ஒரு சேகரம், அத்தனைக்கும் குரு ஒருவர். திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற நற்கருணை, கொடுக்க அபிஷேகம் பெற்ற குருவானவர்தான் வேண்டும், அதனால் அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஊர் என்று சுற்றி வருகிறார். சில ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு ஊரில் திருவிருந்தை முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு அடுத்த ஊரில் நிற்பார். அவர் வராதது அக்கறை இல்லாமல் அல்ல, ஆள் ஒருவர்தான். உங்கள் சபையில் இதைக் குறையாகப் பேசுகிறவர்கள் இருப்பார்கள், எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நீங்கள் அதில் சேர வேண்டாம்.

திருநெல்வேலிச் சீமைச் சபைகள் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1799இல் முதலூர் என்று ஒரு கிறிஸ்தவ ஊரே உருவானபோது அதை முன்நின்று உருவாக்கியவர் தாவீது சுந்தரானந்தம் என்கிற உபதேசியார். ஜெர்மன் மிஷனரியான ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் இறக்கிற வரைக்கும் ஊர் ஊராகச் சபைகள் பெருகின. அத்தனை ஊருக்கும் குருமாருக்கு எங்கே போவது? உள்ளூர் ஆட்களையே படிக்க வைத்து, உபதேசியாராக ஊருக்கு ஒருவரை உட்கார வைத்தார்கள். ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும், சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்காருவதும் அவர்தான். இப்போது சபை ஊழியர் என்று சொல்கிறோம், எனக்கு உபதேசியார் என்ற சொல்தான் வாயில் வருகிறது. சின்ன சபை இவரை வைத்துத்தான் நடக்கிறது. உங்கள் சபைக்குச் சொந்தமாக ஊழியர் இருக்கிறாரா, இல்லை இரண்டு சபைக்கு ஒருவரா என்று முதலில் பாருங்கள், மாதம் எப்படிப் போகும் என்பது அதில்தான் இருக்கிறது.

சரி, மாதம். ஒன்றாம் தேதி விடியற்காலை மாத முதல் நாள் ஜெபம், அந்த மாதத்துக்கு ஒரு வாக்குத்தத்த வசனம். என் சின்ன வயதில் இது கிடையாது, பிறகு வந்த பழக்கம்தான், பெரியவர்கள் சிலருக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை ஞாயிற்றுக்கிழமை கோவில் பக்கமே வராத ஆண்கள் சிலர் ஒன்றாம் தேதி வருகிறார்கள், வேலைக்குப் போகிற உடுப்போடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள், அதற்காகவே அது நடக்கட்டும் என்று சொல்வேன்.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. நிறைய ஊர்களில் இதை விட்டுவிட்டார்கள், உங்கள் ஊரில் இருந்தால் விடாதீர்கள். பத்துப் பேர்தான் வருவார்கள். ஆனால் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற இரண்டு வீட்டுக்காரர்கள் மறுநாள் ஒரே பாத்திரத்தில் பங்கு பெற வேண்டுமே என்று, முந்தின ராத்திரி கோவில் வாசலில் நின்று பேசித் தீர்த்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பந்தி துணியைத் துவைத்துத் தேய்ப்பது, பாத்திரம் விளக்குவது, அப்பமும் திராட்சை ரசமும் இருக்கிறதா என்று பார்ப்பது இதெல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும். கோவிலைப் பெருக்கி மணி அடிக்கிற கோவில்பிள்ளை தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதீர்கள், அவருக்கு நாம் கொடுக்கிற சம்பளம் எவ்வளவு என்று பொருளாளராக உங்களுக்கே தெரியும்.

திருவிருந்து முடிந்ததும் ஐயர் கிளம்பிவிடுவார் என்று விட்டுவிடக் கூடாது. படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு வீட்டு நற்கருணை கொடுக்க அவரைக் கூட்டிப் போக வேண்டும். எந்த வீடு, யாருக்கு விழுங்க முடியும், யாருக்கு முடியாது என்று முதல் நாளே உபதேசியாரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊர் ஆராதனைக்கு முன் அவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம், அதில் நான்கு வீடு பார்க்கலாம். எழுதி வைக்காவிட்டால் யாராவது ஒரு பாட்டி விட்டுப்போகும். அந்தப் பாட்டி வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அடுத்த திருவிருந்து வரைக்கும் மனதில் வைத்திருப்பார்கள்.

மற்ற ஞாயிறுகளில் காலை ஆராதனையை உபதேசியார் நடத்துவார். ஆராதனைக்கு முன்னோ பின்னோ ஓய்வுநாள் பாடசாலை. பிள்ளைகள் பதினைந்து பேர் இருந்தாலும் மூன்று வகுப்பாகப் பிரித்து நடத்துங்கள், பெரிய பையனையும் நாலு வயதுக் குழந்தையையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் பெரியவன் அடுத்த வாரம் வர மாட்டான். ஒரு ஞாயிறை வாலிபருக்குக் கொடுப்பது, ஒரு ஞாயிறு மிஷனரி ஞாயிறு என்று வைப்பது, இதெல்லாம் ஊருக்கு ஊர் வித்தியாசப்படும்.

வாரநாள் கூட்டம்தான் உங்களுக்குப் புதிதாக இருக்கும். சென்னையில் ஏழு மணி என்றால் ஏழு மணி. இங்கே நம் பெண்கள் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். கடைக்குப் பீடி கொண்டுபோய்க் கொடுக்கிற நேரம், இலை வாங்கி வருகிற நேரம், தண்ணீர் வருகிற நேரம் எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஜெபத்துக்கு நேரம் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நாங்கள் காலை பதினொன்றுக்கு வைத்திருந்தோம், ஆறேழு பேர்தான் வந்தார்கள், ஜெப ஆர்வம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். ஒரு நாள் ஒரு அக்கா, "டீச்சர், அந்த நேரம்தான் நாங்க கடைக்குப் போறோம்" என்று சொன்னார்கள். மத்தியானம் இரண்டரைக்கு மாற்றினோம், இருபது பேர் வந்தார்கள். அவர்கள் வருவார்கள் என்று நாங்கள் காத்திருந்த அத்தனை மாதமும், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இப்போது பணம், உங்கள் பொறுப்பு. ஞாயிறு காணிக்கைப் பை ஒரு வழி. மாதச் சங்கம் இன்னொரு வழி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்து வசூலிப்பது. வாரக்கூலி வாங்குகிற வீட்டில் மாதக் கடைசியில் போய் மொத்தமாகக் கேட்காதீர்கள், கூலி வருகிற நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்தோத்திர காணிக்கை. பிறந்த நாள், கல்யாண நாள், பிள்ளை பாஸ் ஆனது, மாடு கன்று போட்டது, எல்லாவற்றுக்கும் கவரில் போட்டுக் கொண்டு வருவார்கள். அந்தக் கவரில் எழுதியிருப்பதை உபதேசியார் வாசித்து ஜெபிக்கும்போது கவனித்துக் கேளுங்கள், ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது முழுக்க அதில் இருக்கும்.

ஏலம் பார்த்து உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். முதல் காய்ப்பு முருங்கைக்காய், முட்டை, சேவல், ஒரு சிப்பம் கருப்பட்டி, ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். பத்து ரூபாய் எலுமிச்சம்பழத்தை நூறு ரூபாய்க்கு எடுத்தவர் அதையே திரும்பவும் ஏலத்துக்குக் கொடுப்பார். கையில் காசு இல்லாத ஆள் காய் கொண்டு வந்து கொடுக்கிறார், காசு உள்ளவர் அதைக் காசாக்குகிறார், இரண்டு பேருடையதும் காணிக்கைதான். பட்டணத்துக் கண்ணில் இது சந்தைக்கடை மாதிரி தெரியலாம், நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் போட்டியில் வீம்புக்கு ஏற்றிவிட்டு அப்புறம் கொடுக்க முடியாமல் தவிக்கிறவர்களும் உண்டு, அப்படி நடக்காமல் ஏலம் விடுகிறவர்தான் பார்த்து நிறுத்த வேண்டும்.

பிடி அரிசி உங்கள் ஊரில் இருக்கிறதா? உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டு வருவது. மிசோரம் சபைகளில் இந்த வழக்கம் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது, அங்கே மிஷனரி ஊழியத்துக்குப் பெரிய பலமே அந்த அரிசிதான். எங்கள் சபையில் நடுவில் நின்றுபோய், பெண்கள் சங்கம் மறுபடி ஆரம்பித்தது. அந்த அரிசியை விற்றுக் கணக்கில் சேர்க்கலாம், தனியாக இருக்கிற விதவை வீட்டுக்கு அப்படியே கொடுக்கவும் செய்யலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் செய்தோம், கொடுப்பது வெளியே தெரியாமல், பொழுது சாய்ந்த பிறகு.

மிஷனரி காணிக்கை என்று மாதாமாதம் தனியாகப் போகிற தொகையைச் சிலர் கேள்வி கேட்பார்கள், நம் கோவில் சுவரே வெள்ளையடிக்காமல் கிடக்கிறது என்பார்கள். அவர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்லுங்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்தபோது திருநெல்வேலிச் சபைகள் தங்கள் சொந்தக் காசில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்நின்ற அசரியா வெள்ளாளன்விளைக்காரர், 1912இல் தோர்ணக்கல் பேராயரானார், இந்திய ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அன்றைக்குக் காசு கொடுத்தவர்கள் பனையேறியும் வயலில் வேலை செய்தும் பிழைத்தவர்கள், அவர்கள் வீட்டுக் கூரை எல்லாம் ஓலை.

கணக்கில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பையை எண்ணும்போது இரண்டு பேராவது இருக்க வேண்டும், எண்ணினவுடன் புத்தகத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணவே கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு சபையில் நல்ல மனிதர் ஒருவர் பொருளாளராக இருந்தார். ஒரு பைசா எடுக்கவில்லை, ஆனால் பில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக் கணக்கில் தொகை இடித்தது, ஒருவர் சந்தேகமாக ஒரு வார்த்தை பேசினார், அதோடு அவர் குடும்பமே கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டது. பத்து வருடம் கழித்து அவர் அடக்கத்துக்குத்தான் சபை மறுபடி அந்த வீட்டுக்குள் போனது. சின்ன சபையில் ஒரு குடும்பம் போனால் ஒரு பெஞ்சு காலி, எல்லார் கண்ணிலும் படும். மாதக் கணக்கை எழுதி கோவில் சுவரில் ஒட்டிவிடுங்கள், யாரும் கேட்காவிட்டாலும் ஒட்டுங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அசனத்துக்கு அனுப்புகிற பணத்துக்கும் உடனே ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

இனி, நான் மிக முக்கியம் என்று நினைக்கிறது. ஆராதனை முடிந்ததும் என் அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்னாடியே அம்மாவிடம், "இன்னைக்கு யாரெல்லாம் வரல?" என்று கேட்பார். அம்மா பெண்கள் பக்கம் பார்த்து வைத்திருப்பார்கள். இரண்டு பேருமாகப் பெயர் சொல்லிச் சொல்லி ஒரு பழைய நோட்டில் குறிப்பார்கள். திங்கள், செவ்வாயில் அப்பா அந்த வீடுகளுக்குப் போவார். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். திண்ணையில் உட்கார்ந்து, காப்பித் தண்ணி கொடுத்தால் குடித்து, மழை, ஆடு, பிள்ளை படிப்பு என்று பேசிக்கொண்டிருப்பார், காரணம் தானாக வரும். உடுத்த நல்ல சேலை இல்லை, சங்கம் ஆறு மாதம் பாக்கி, முகத்தில் விழிக்க வெட்கம், கணவன் குடித்துவிட்டு அடித்த காயம் கன்னத்தில் இருக்கிறது, இப்படித்தான் இருக்கும் காரணங்கள். விசுவாசத்தில் குறைந்து வராமல் இருந்தவர்கள் என்று அப்பா சொன்னது ரொம்பக் கொஞ்சம் பேரை.

பெரிய சபையில் இதைச் செய்யவே முடியாது தம்பி. 42 குடும்பம் உள்ள இடத்தில் முடியும். அதனால் நீங்கள் கேட்ட "என்ன ஊழியம் நடக்கிறது" என்பதற்கு என் பதில் இதுதான். கூட்டம், பண்டிகை எல்லாம் இருக்கட்டும், யார் வரவில்லை என்று தெரிந்துவைத்து அந்த வீட்டுப் படி ஏறுவதுதான் இங்கே மாதம் முழுக்க நடக்கிற ஊழியம். உங்கள் சங்கப் புத்தகத்தில் பாக்கி வைத்திருக்கிற பெயர்களை ஒரு தடவை பாருங்கள். மூன்று மாதம் பாக்கி என்றால் அந்த வீட்டில் ஏதோ கஷ்டம். அங்கே போகும்போது ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஞானஸ்நானம் வாங்காமலே வருடக்கணக்காக ஆராதனைக்கு வருகிற குடும்பங்கள் இருக்கலாம். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது, தமிழ்நாட்டில் மாறினவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் சான்றிதழை நினைத்துத் தயங்குகிற தாய்தகப்பனைக் கோவிலில் வைத்துக் குத்திப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது ரொம்பத் தப்பு. அவர்கள் பெயரையும் ஜெபக்குறிப்பில் சேர்த்து வாசியுங்கள், அவர்கள் வீட்டுக்கும் போங்கள். அதேபோல வேறு சபைக்குப் போய்விட்ட வாலிபக் குடும்பங்களோடு பேச்சை முறிக்காதீர்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நம் கோவிலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் சாவு. துக்க மணி எந்த நேரம் அடித்தாலும் சபை மன்றத்துக்காரர்களாவது உடனே அந்த வீட்டில் இருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள், ஐயருக்குப் போன், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர்கிற நேரம், இதையெல்லாம் துக்க வீட்டார் தலையில் விடாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடக்கம் அன்றைக்கு ஊரே வரும், அதில் குறை இருக்காது. மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மூன்றாவது வாரம் நீங்களும் உங்கள் மனைவியும் சும்மா ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

மாதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் வீட்டுக்கு வீடு ஜெபம், மே மாதம் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுவடை ஸ்தோத்திரப் பண்டிகை, டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற கீத பவனி. அசனத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் திருப்பூர், சென்னை, துபாயிலிருந்து பிள்ளைகள் வந்து கோவில் நிரம்பி வழியும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், ஜனவரி இரண்டாவது ஞாயிறு எத்தனை பேர் என்று எண்ணுங்கள், அதுதான் உங்கள் சபை.

கடைசியாகப் பிரசங்கம். பண்ணலாம். உபதேசியார் சம்மதித்து, ஐயருக்கும் தெரிவித்துவிட்டுப் பண்ணுங்கள். அன்றைக்குக் குறித்திருக்கிற வேத பாடத்திலிருந்தே பேசுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சென்னையில் கேட்ட பெரிய பிரசங்கங்கள் மாதிரிச் செய்ய முயற்சி பண்ணாதீர்கள். அந்த வாரம் நீங்கள் போன வீடுகளை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள், ஆனால் எந்த வீட்டைப் பற்றியும் பேசாதீர்கள். முன் வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிற பாட்டிமாருக்குக் காது மந்தம், மைக் வேலை செய்கிறதா என்று சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள்.